நடு இரவில் எந்தக் கதவைத் தட்டுவது? பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும்,

மூன்று மாதத்துக்கு முன்பு எங்கள் அடுக்குமாடிப் பகுதியில் இருந்த நான்கு தமிழ் அன்பியங்களையும், அதாவது அக்கம்பக்கத்தார் வாரம் ஒருமுறை வீட்டில் கூடி வேதம் வாசித்துச் செபிக்கும் சிறு குழுக்களையும், கலைத்தீர்கள். இனி மாதம் ஒருமுறை, இரண்டாம் வெள்ளி இரவு 8 மணிக்கு, பங்கு மண்டபத்தில் ஒரே கூட்டம், ஆங்கிலத்தில், தேவைப்பட்டால் தமிழில் விளக்கம் என்று அறிவித்தீர்கள். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் யோசித்துத்தான் செய்திருப்பார்கள், போய்ப் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். ஆனால் சென்ற ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்ததும் இன்னொரு அறிவிப்பு வாசிக்கப்பட்டது: இனி யாரும் அன்பியம் என்ற பெயரில் வீடுகளில் கூடக் கூடாது, கூடினால் பங்கு அதற்குப் பொறுப்பில்லை. பீடத்துக்கு முன்னால் நின்று அதை வாசித்த தம்பியின் குரலே கொஞ்சம் தடுமாறியது. இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன், பதில் இல்லை. பேரவையில் ஒருவரிடம் நேரில் கேட்டேன், முடிவாகிவிட்டது என்றார். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் பள்ளிக் கேண்டீனில் வேலை செய்பவள். 19 வருடமாக ஒரே அன்பியத்தில் இருக்கிறேன். இறையியல் படித்ததில்லை, எனக்குத் தெரிந்த வேதம் முழுக்க 13-வது மாடியில் ஒரு பாட்டி வீட்டு வரவேற்பறையில் படித்த வேதம்தான்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்கள் கலைத்தது என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். பேரவையில் இருக்கும் ஒருவரும் எங்கள் புளோக்குகளில் குடியிருப்பவர் இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

பாட்டிக்கு எழுத்து தெரியாது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் அம்மாவோடு பால் மரம் வெட்டப் போய், தோட்டம் கைமாறி லயத்து வீடுகள் இடிபட்ட பிறகு மகனோடு கோலாலம்பூருக்கு வந்தவர். அவர் இருந்த தோட்டத்துக்குப் பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை வருவாராம், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. மற்ற ஞாயிறுகளில் வேதம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார் வாசிப்பார், இவர்கள் கேட்பார்கள், கேட்டதை மனப்பாடம் செய்துகொள்வார்கள். அப்படி வந்ததுதான் பாட்டியின் விசுவாசம். செவ்வாய் மாலை ஆறரைக்கெல்லாம் கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரமாக வட்டமாகப் போட்டு, நடுவில் முக்காலி வைத்து, அதன் மேல் வெள்ளைத் துண்டு விரித்து, 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தை வைத்துவிடுவார். அட்டையின் முதுகு இரண்டு தடவை கிழிந்து பழுப்பு நிற டேப் ஒட்டியிருக்கும். அப்புறம் அடுப்பில் பெரிய கேத்தலில் சுக்குக் காப்பி.

பாட்டிக்காக எந்தப் பகுதியையும் இரண்டு தடவை வாசிப்போம். வாசித்து முடித்ததும் மனதைத் தொட்ட ஒரு சொல்லை ஒவ்வொருவரும் திரும்பச் சொல்ல வேண்டும். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியர் உவமை வாசித்தோம். எல்லோரும் "இரக்கம்" என்றும் "அயலான்" என்றும் சொல்லிக்கொண்டு வர, பாட்டி "கழுதை" என்றார். ஏன் பாட்டி என்று கேட்டால், "தான் ஏறி வந்ததுல அவன ஏத்திவிட்டுட்டு இவன் நடந்துதானே போயிருப்பான்" என்றார். எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன், அந்த நடையைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இது நாங்களாகக் கண்டுபிடித்த முறை இல்லை. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவாகி ஆசியா முழுக்கப் பரவிய ஏழு படி நற்செய்திப் பகிர்வு இது, இதே பங்கில்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, சொல்லைப் பிடிப்பது, அமைதியாக இருப்பது, பகிர்வது. அடுத்தது ஆறாவது படி: கேட்ட வார்த்தைக்காக இந்த வாரம் நாம் என்ன செய்யப் போகிறோம், யார் செய்வது, எப்போது செய்வது? அதைப் பேசி முடிக்காமல் ஏழாவது படியான செபத்துக்குப் போகக் கூடாது. எங்கள் அன்பியத்தின் உயிரே அந்த ஆறாவது படியில்தான் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய், யாக்கோபு இரண்டாம் அதிகாரம் வந்தது. உடுக்க உடையும் அன்றாட உணவும் இல்லாத சகோதரனைப் பார்த்து, போய் வா, குளிர்காய்ந்துகொள், வயிறாரச் சாப்பிடு என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்று கேட்கிறாரே, அந்த இடம். ஆறாவது படியில் யாரும் பேசவில்லை. அப்புறம், எதிர்ப் புளோக்கில் இருந்து வரும் அண்ணன் ஒருவர், தனியாக இருப்பவர், மெல்லச் சொன்னார்: அவருக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். காலை 6 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். நாலு மணி நேரம் ஊசியோடு படுத்துக் கிடந்துவிட்டு, தலை சுற்றச் சுற்றப் பேருந்தில் திரும்பி வருகிறார். ஒன்றரை வருடமாக எங்களோடு உட்கார்ந்திருந்தவர், அன்றுதான் வாயைத் திறந்தார்.

பாட்டி எழுந்து போய்ச் சமையலறைச் சுவரில் இருந்த நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். அதன் பின்பக்கத்தில் எழுதினோம். லோரி ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் திங்கள், மைவி கார் வைத்திருக்கும் அக்கா புதன், மோட்டார் மட்டும் இருக்கிற தம்பி வெள்ளி, அவன் கிராப் வாடகைக் கார் கட்டணத்தை ஏற்றுக்கொள்வான். கீழே, திரும்பக் கூட்டி வருவது யார் என்று வேறு மூன்று பேர். அந்தத் தாள் பாட்டி வீட்டு ஐஸ்பெட்டியில் காந்தம் ஒட்டித் தொங்கும். மாதக் கடைசிச் செவ்வாயில் புதுத் தாள் எழுதுவோம், யாருக்கு என்ன வேலை மாற்றம், யார் ஊருக்குப் போகிறார்கள் என்று பார்த்து. இரண்டு வருடம், ஒரு நாள் கூட அவர் பேருந்தில் போகவில்லை.

நீங்கள் அன்பியத்தைக் கலைத்த மாதம், பழைய தாள் முடிந்தது. புதுத் தாள் எழுதப்படவில்லை.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை ஃபாதர். லோரி அண்ணன், மைவி அக்கா நேரம் மாறியிருக்கும் என்று நினைத்தார். மைவி அக்கா, தம்பி பார்த்துக்கொள்கிறான் என்று நினைத்தார். வாட்ஸ்அப் புலனக் குழுவில் யாரோ ஒரு தடவை கேட்டார்கள், மேலே நாலு பூப்படமும் ஒரு காலை வணக்கமும் வந்து விழ அது மறைந்துபோனது. அந்த அண்ணனோ வாய் திறந்து கேட்கிறவர் இல்லை. திரும்பப் பேருந்தில் போக ஆரம்பித்தார். ஒரு வாரம் முடியாமல் இரண்டு முறை போகாமல் இருந்துவிட்டார். மூன்றாம் நாள் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கி, கீழே காவலாளிதான் பார்த்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறார். கிறிஸ்தவர் கூட இல்லை, நேப்பாளத்துப் பையன். அண்ணன் மருத்துவமனையில் இருந்தது எங்களுக்கு ஐந்து நாள் கழித்துத்தான் தெரியும். பிழைத்துக்கொண்டார், ஆண்டவருக்கு நன்றி. போய்ப் பார்த்தபோது அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. "செவ்வாய்க்கிழமை இல்லாம நாள் கணக்கே தெரியல" என்றார், அவ்வளவுதான்.

எங்கள் மேல் தவறு இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாங்கள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அதை நினைத்து நான் இரவில் தூங்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் அன்பு என்பது நினைத்தால் மட்டும் நடந்துவிடுகிற காரியம் இல்லை, அதற்கு ஒரு கிழமை வேண்டும், நாற்காலி வேண்டும், முகத்தைப் பார்த்து "ஏன் இளைச்சுப் போயிருக்கீங்க" என்று கேட்கிற தூரம் வேண்டும்.

மண்டபக் கூட்டத்துக்கு நான் போகாமல் பேசவில்லை. இரண்டு தடவை போனேன். ஏற்பாடு நன்றாக இருந்தது, அதில் உழைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அழகான திரை, குளிர்சாதனம், பேச வந்த சகோதரி நன்றாகப் படித்தவர். எழுபது பேருக்கு மேல் இருந்தோம். ஆனால் ஒருவரும் ஒருவரிடம் எதையும் கேட்கவில்லை, கேட்கும்படி இடமும் இல்லை. ஆறாவது படி இல்லை. தமிழில் விளக்கம் கடைசியில் ஐந்து நிமிடம், அதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். எங்கள் புளோக்குகளில் இருந்து போக வர கிராப்புக்கு எனக்கு 26 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. பாட்டியால் வர முடியாது, அவருக்கு முட்டி வலி, மின்தூக்கி பழுதானால் 13 மாடி. வந்தாலும் அவருக்கு என்ன புரியும்?

நீங்கள் சொன்ன காரணங்களை மதித்துத்தான் பதில் சொல்கிறேன். ஆள் குறைவு என்றீர்கள். ஆமாம், எங்கள் அன்பியத்தில் வழக்கமாக 9 பேர், சில வாரம் 6 பேர். இரண்டு மூன்று பேர் போதும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது ஆறு எப்படிக் குறைவாகும்? 2021 ஜூன் கடைசியில், முழு ஊரடங்கில், பசிக்கிற வீடுகள் சன்னலில் வெள்ளைக் கொடி கட்டச் சொல்லி நாடு முழுக்கச் செய்தி பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். கோவில் பூட்டியிருந்தது, திருப்பலி கைப்பேசியில். அந்த 9 பேரில் ஒரு அக்கா குப்பை போடக் கீழே இறங்கியவர், நிமிர்ந்து பார்த்து 9-வது மாடியில் ஒரு வெள்ளைத் துணி தொங்குவதைக் கண்டார். மலாய்க் குடும்பம், மூன்று பிள்ளைகள், அப்பாவுக்கு நாலு மாதமாக வேலை இல்லை. சமைத்துக் கொடுக்கலாமா என்று முதலில் பேசினோம், அப்புறம் அவர்கள் சங்கடமில்லாமல் சாப்பிட வேண்டுமே என்று அரிசி, முட்டை, சமையல் எண்ணெய், சார்டின் டின், மைலோ எல்லாம் வாங்கி வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டுத் தள்ளி நின்றோம். ஐந்து வாரம் அப்படி நடந்தது. யாரிடமும் பங்குப் பணம் கேட்கவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை, அதனால்தான் அது உங்கள் ஆண்டறிக்கையில் இல்லை. அந்தத் துணி கண்ணில் பட்டது அங்கேயே குடியிருக்கிற ஒருத்திக்கு. மண்டபத்தில் இருந்து பார்த்தால் 9-வது மாடி தெரியாது.

அடுத்த காரணம் ஒற்றுமை. ஒரே பங்கு, ஒரே குடும்பம், எதற்கு மொழிக்கு ஒரு கூட்டம் என்று கேட்டீர்கள். எனக்கும் ஒற்றுமைதான் ஆசை. ஆனால் பெந்தெகொஸ்தே நாளில் தூய ஆவி எல்லோரையும் ஒரே மொழிக்கு மாற்றவில்லை, அவரவர் தம் சொந்த மொழியில் கேட்டார்கள் என்றுதான் திருத்தூதர் பணிகள் சொல்கிறது. அதே நூலில் ஆறாம் அதிகாரத்தைத் தயவுசெய்து பேரவையாக உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? முணுமுணுத்தவர்களை அடக்கவில்லை, ஒற்றுமைக்குக் கேடு என்று சொல்லவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஏழு பேரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா, ஏழுமே கிரேக்கப் பெயர்கள். யாருடைய கைம்பெண்கள் விடுபட்டார்களோ, அவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

இளையோர் வருவதில்லை, அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றீர்கள். இதில் உண்மை இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மலாய் வழித் தேசியப் பள்ளிக்குப் போனவர்கள். அவர்களை நாங்கள் சரியாகக் கூப்பிடவும் இல்லை. வந்தவர்களைத் தமிழில் தடுமாறுகிறார்கள் என்று சிரித்துக் கூச்சப்படுத்திய நாள்களும் உண்டு, அதற்கு வருந்துகிறேன். ஆனால் கடைசி ஒரு வருடமாகப் பாட்டியின் பேத்தி, இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு படிக்கிற பிள்ளை, எங்களோடு உட்கார ஆரம்பித்திருந்தாள். அவள் கைப்பேசியில் ஆங்கிலத்தில் வாசிப்பாள், நான் தமிழில் வாசிப்பேன், சில சமயம் இரண்டும் ஒத்துவராத இடத்தில் அவள் கேள்வி கேட்பாள், பாட்டி பதில் சொல்லுவார். நீங்கள் தேடுகிற ஒற்றுமை அந்தக் கூடத்தில் ஏற்கெனவே தளிர் விட்டிருந்தது. மண்டபத்துக்கு அவள் ஒரு தடவை வந்தாள், பின்வரிசையில் உட்கார்ந்தாள், அப்புறம் வரவில்லை.

வீடுகளில் கூடுவது என்னவோ ஒழுங்கில்லாத காரியம் போல அறிவிப்பில் ஒரு தொனி இருந்தது, அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. பவுல் உரோமையருக்கு எழுதும்போது பிரிஸ்கா, அக்கிலா வீட்டில் கூடும் திருச்சபைக்கு வாழ்த்துச் சொல்கிறார். கொலோசையருக்கு எழுதும்போது நிம்பா என்ற பெண்ணின் வீட்டுத் திருச்சபைக்கு. அவர்களுக்கு மண்டபம் ஏது? இந்த நாட்டிலும், 1976-ல் மலேசியத் தீபகற்பத்தின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து யோசித்து, சிறு கிறிஸ்தவச் சமூகங்களைக் கட்டுவதுதான் நம் வழி என்று எடுத்த முடிவில் இருந்துதான் அன்பியமே வந்தது. அதை இடம் மாற்றி வைக்கலாம், நேரம் மாற்றலாம், ஆனால் "பொறுப்பில்லை" என்ற ஒரு சொல்லால் கைகழுவலாமா?

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது பேதுரு சிறையில் இருந்து தப்பிய இரவுதான். வானதூதர் அவரைத் தெருவில் விட்டுவிட்டு மறைந்துவிட்டார். நடு இரவு, தேடிப் பிடித்தால் உயிர் போகும். அவர் நின்று யோசித்துவிட்டு நேராக மாற்கு எனப்படும் யோவானின் தாய் மரியாவின் வீட்டுக்குப் போனார், உள்ளே பலர் கூடிச் செபித்துக்கொண்டிருந்தார்கள். ரோதி என்ற பணிப்பெண் குரலை வைத்தே அவரைத் தெரிந்துகொண்டாள். எந்தக் கதவைத் தட்டலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, தட்டினால் குரலைக் கேட்டே அடையாளம் தெரிகிறவர்கள் உள்ளே இருந்தார்கள். அந்த டயாலிசிஸ் அண்ணனுக்கு இந்த மூன்று மாதமாக அப்படி ஒரு கதவு இல்லை. பங்கு அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும்.

என்ன கேட்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதலில், சென்ற ஞாயிறு வாசித்த அறிவிப்பைத் திரும்பப் பெற்று, அதே பீடத்துக்கு முன்னால் அதைச் சொல்லுங்கள், ஏனென்றால் பயந்துபோய் வீட்டில் செபமாலைக்குக் கூட ஆள் கூப்பிடாமல் இருக்கிற வயதானவர்கள் இருக்கிறார்கள். நான்கு அன்பியங்களும் பழையபடி வீடுகளில், வாரம் ஒருமுறை, தமிழில் கூட அனுமதி கொடுங்கள். மண்டபக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அது மாதம் ஒருமுறை நடக்கட்டும், நாங்களும் வருகிறோம், ஆனால் அது அன்பியத்துக்குப் பதிலாக இருக்க வேண்டாம். வருவதற்கு வாகனம் இல்லாதவர்களுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள்.

ஒவ்வொரு புளோக்கில் இருந்தும் ஒருவரைப் பேரவையில் சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்களே தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். எங்களைப் பற்றிய எந்த முடிவையும் அவர்கள் இல்லாமல் எடுக்காதீர்கள். இளையோருக்குத் தமிழ் வாசகத்தை ரோமன் எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிற வேலையை நாங்கள் செய்கிறோம், காகிதச் செலவு மட்டும் பங்கு பார்த்துக்கொண்டால் போதும். நோயாளிகளை அழைத்துப் போகும் பட்டியல் ஒன்றை எல்லா அன்பியங்களுக்கும் சேர்த்துப் பங்கு அலுவலகத்திலும் ஒரு பிரதி வைத்திருங்கள், யாராவது விடுபட்டால் இன்னொருவர் கண்ணில் படட்டும்.

ஃபாதர், உங்களிடம் தனியாக ஒன்று. அடுத்த செவ்வாய் மாலை ஏழரைக்குப் பாட்டி வீட்டுக்கு வாருங்கள். எதுவும் பேச வேண்டாம், எங்களோடு உட்காருங்கள். அண்ணன் மருத்துவமனையில் இருந்து வந்துவிட்டார், அவரும் வருவார், அன்று புதுத் தாள் எழுத வேண்டும். வியாழக்கிழமைகளில் உங்களுக்கு வேலை குறைவு என்று கேள்விப்பட்டேன், ஆனால் அவருக்கு வியாழன் டயாலிசிஸ் இல்லை. திங்கள், புதன், வெள்ளியில் உங்களால் முடிகிற ஒரு நாளை யோசித்துக்கொண்டு வாருங்கள்.